பொட்டு வைத்த ஃப்ளாப்பி

கெலுகோர், பினாங்கு
நவம்பர் 2025

அன்புள்ள கமாலுதீன் அண்ணனுக்கு,

மோகனராஜின் மனைவி குணவதி எழுதுகிறேன். நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கத்தான் கை போகிறது. இங்கே நலமில்லை, அண்ணே. முதல் வரியிலேயே பொய் எதற்கு என்று விட்டுவிட்டேன். நீங்களும் உங்கள் வீட்டாரும் கார்டிஃபில் சுகமாக இருக்க வேண்டும்.

என்னை நீங்கள் பார்த்ததில்லை. பாகான் டாலாமில் உங்கள் பக்கத்து வீட்டில் வளர்ந்து, பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் படிவம் வரை உங்களோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்த மோகனைத்தான் நான் கட்டிக்கொண்டேன். உங்கள் அக்கா மஹ்பூபாவை பாசாரில் பிடித்து, விடாமல் நச்சரித்து இந்த முகவரியை வாங்கினேன். போன் நம்பரும் தருகிறேன் என்றார். போனில் பேசினால் அழுது முடிப்பதற்குள் நேரம் போய்விடும். எங்கள் ஃபிளாட்டில் குசுகுசுவென்று பேசினாலும் என் வீட்டுக்காரர் காதில் விழும். அதனால்தான் கடிதம்.

அவருக்குப் போன வருடம் வேலை போய்விட்டது. பள்ளிக்கூடம் முடித்த கையோடு சேர்ந்த பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை. இனி அந்த வேலையை வேறு நாட்டில் செய்யப்போகிறார்களாம், மீட்டிங் வைத்துச் சொன்னார்களாம். மீட்டிங்கில் கேக் கொடுத்தார்கள். அந்தக் கேக்கை வீட்டுக்குக் கொண்டுவந்து, நான் ஒரு வாய் தின்ற பிறகுதான் விஷயத்தைச் சொன்னார். பாவி மனுஷன். அன்றிலிருந்து கட்டிலே கதி. நான் கத்தினால் குளிப்பார், தட்டை முன்னால் வைத்தால் தின்பார். டாக்டர் மாத்திரை கொடுத்திருக்கிறார். அந்த டப்பா என் கைப்பையில்தான் இருக்கும், வேளைக்கு நானே எடுத்துக் கொடுப்பேன். ஏன் என்று உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

செப்டம்பரில் பாகான் டாலாம் வீட்டைக் காலி செய்தோம். மாமியார் இறந்த பிறகு அது பூட்டியே கிடந்தது. கட்டிலுக்கு அடியில், ரஃபியா கயிறு போட்டுக் கட்டிய ஒரு பெட்டி. உங்கள் இரண்டு பேரின் கம்ப்யூட்டர்! தைவான்காரன் செய்த ஆப்பிள் நகலாமே. விசைப்பலகையும் உடம்பும் ஒரே துண்டு, தனியாக ஒரு குட்டித் திரை. இந்தக் குப்பையை யார் தூக்குவது என்று நான் கேட்டேன். அவர் அதைக் காரின் முன்சீட்டில் உட்கார வைத்து, பெல்ட்டும் போட்டுவிட்டார். கட்டிய பெண்டாட்டி பின்சீட்டில், மாமியாரின் குத்துவிளக்கை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். ஆனால் பாலம் தாண்டும்வரை மனிதர் பேசிக்கொண்டே வந்தார், அண்ணே. பல மாதமாக நான் கேட்காத குரல்.

எடுத்தவுடன் கரண்டில் செருகக் கூடாதாம், இத்தனை வருடம் சும்மா கிடந்தது படாரென்று வெடித்துவிடுமாம். திறந்தால் உள்ளே முழுக்கக் கரப்பான் முட்டை. பிரஷ்ஷால் தட்டி, துடைத்து, கெட்டுப்போனதையெல்லாம் எடுத்துவிட்டுப் புதிது வைத்து சோல்டர் செய்தார். அதற்கு வேண்டிய சாமானை வாங்க, கீழே ரிப்பேர் கடை வைத்திருக்கும் ஃபிக்ரியிடம் அவரே நடந்து போனார். தானாகவே குளித்துவிட்டு! நான் சமையலறையில் நின்று தண்ணீர்மலை முருகனுக்கு ஒரு கும்பிடு போட்டேன்.

ஒரு சாயங்காலம் திரை பச்சையாக எரிந்தது. ஏதோ இரண்டு வரி தட்டினார். மேலிருந்து கீழ்வரை ஆங்கில எழுத்தில் என் பெயர் ஓடிக்கொண்டே இருந்தது. கல்யாணமான நாள் முதல் அவர் என் பெயரை அத்தனை முறை சொல்லியிருக்க மாட்டார். போதும், நிறுத்துங்கள் என்று திட்டினேன். திட்டிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

அன்று சாப்பிட உட்கார்ந்தபோதுதான் உங்கள் விளையாட்டைப் பற்றிச் சொன்னார். பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரியை ஓட்டிக்கொண்டு வந்து, தோங்காங்குச் சரக்குப் படகுகளில் இடிக்காமல் ஜார்ஜ் டவுன் படகுத்துறையில் சேர்க்க வேண்டுமாம். படம் நீங்கள் போட்டது, கணக்கு அவர் போட்டது. இரண்டு பேரும் ஆளுக்கொரு ஃப்ளாப்பியில் வைத்திருந்தீர்களாம். சொல்லும்போது அந்த முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். “என் வாழ்க்கையில நானா செஞ்சது அது ஒண்ணுதான் குணா, மத்ததெல்லாம் அடுத்தவன் செஞ்சத டெஸ்ட் பண்ணதுதான்” என்றார். நாளைக்கு அதைப் போட்டுக் காட்டுகிறேன், நீயும் ஓட்டிப் பார் என்றார்.

அந்தச் சரஸ்வதி பூஜை உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா? பள்ளிக்கூடத்தின் கடைசித் தேர்வு, அந்த எஸ்.பி.எம். தேர்வுக்கு முந்திய பூஜை. புத்தகங்களோடு கம்ப்யூட்டரையும் படத்துக்கு முன்னால் வைத்தார்களாமே. உங்கள் பங்கு ஃப்ளாப்பியையும் இவர் வாங்கி வைத்தாராம். நீங்கள் கடலையைத் தின்றுகொண்டே, இதுக்கெல்லாமாடா பொட்டு வைப்பாங்க என்று கேட்டீர்களாம். மேலுறைக்கு வைத்தால் உறைக்குத்தானே புண்ணியம் என்று இவர்தான், அந்த நீளத் துவாரத்தில் தகடு பளபளவென்று தெரிகிற இடத்திலேயே, குழைத்த சந்தனமும் அதன்மேல் குங்குமமும் வைத்தாராம். இரண்டு ஃப்ளாப்பிக்கும். பூஜை முடிந்ததும் இவர் அப்பா, என் மாமா, எல்லாவற்றையும் பெட்டியில் போட்டுக் கட்டிவிட்டார், தேர்வுக்குப் பிறகுதான் திறக்க வேண்டும் என்று. தேர்வு முடிவதற்குள் மாமா போய்ச் சேர்ந்தார். இவர் தொழிற்சாலைக்குப் போனார், நீங்கள் படிக்கச் சீமைக்குப் போனீர்கள். பெட்டியை யாரும் திறக்கவில்லை.

மறுநாள் ஃப்ளாப்பியை எடுத்தால், உறை பொட்டோடு ஒட்டிப் போயிருந்தது. மெதுவாகப் பிரித்து, பஞ்சை மருந்தில் நனைத்துத் துடைத்தார். சந்தனம் வந்தது, அதோடு விளையாட்டு பதிந்திருந்த தகட்டின் பழுப்புப் பூச்சும் உரிந்து வந்தது. அப்படியே உள்ளே போட்டார். கரகரவென்று அரைக்கிற சத்தம். இரண்டாவதும் அதே கதி. நான் ஏதோ சமாதானம் சொல்லவேண்டுமே என்று, சாமிக்கு வைத்ததுதானே, சாமி எடுத்துக்கொண்டது என்று உளறினேன். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். “விடுலா குணா, நான் தொட்டது எது நெலச்சிருக்கு” என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார். மறுபடி எழுதிப் பாருங்களேன் என்றதற்கு, அதை எழுதின பையன் இப்போது இல்லை என்றார்.

முன்பு கட்டிலில் கிடந்தது மாதிரி இல்லை, அண்ணே. இது வேறு. இப்போது நான் கத்துவதற்கு முன்பே குளித்துவிடுகிறார். சொன்னதைக் கேட்கிறார். ரொம்ப நல்லவராக இருக்கிறார், இரவில் நான் எழுந்து எழுந்து பார்க்கிறேன். சோல்டரிங் சாமான்களை ஃபிக்ரியிடம் கொடுத்துவிட்டார், இனி எனக்கு எதற்கு என்று. கைக்கடிகாரத்தை மகள் ஷர்மினிக்கென்று கோலாலம்பூருக்கு அனுப்பிவிட்டார், பிறந்தநாளும் இல்லை, பண்டிகையும் இல்லை. நேற்று என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்து, கரண்ட் பில் எப்படிக் கட்டுவது, கார் இன்சூரன்ஸ் எப்போது புதுப்பிப்பது என்று பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். எனக்கு இதெல்லாம் தெரியவே வேண்டாம், நீங்களே கட்டுங்கள் என்று சத்தம் போட்டுவிட்டுச் சமையலறைக்கு ஓடிவிட்டேன். டாக்டரிடம் மறுபடி போகிறோம். நான் கிளினிக் கவுண்டர் வேலைக்குப் போகும் நேரத்தில், எதிர்வீட்டு ஜன்னத் அக்கா ஏதாவது சாக்குச் சொல்லிக்கொண்டு வந்து எட்டிப் பார்க்கிறார். அவரிடம் ஒரு சாவி இருக்கிறது.

நீங்கள் முதல் இரண்டு வருடம் போட்ட கடிதங்களுக்கு இவர் பதில் போடவில்லையாம். நீங்கள் படிக்கிறவர், தான் பட்டறை வேலைக்காரன் என்ற கூச்சம். கோபமாக நினைத்திருந்தால் மன்னித்துவிடுங்கள்.

உங்களிடம் விளையாட்டின் பிரதி இருக்காது, தெரியும். அதைக் கேட்க இதை எழுதவில்லை. எனக்கு ஒரு தேதி வேண்டும். இந்த நாளில் பினாங்கு வருகிறேன், நீ வந்து ஏர்போர்ட்டில் நில் என்று அவர் பெயருக்கு எழுதிப் போடுங்கள். யார் வந்து நிற்கச் சொன்னாலும் தட்டாத மனிதர். அந்த நாளில் வர முடியாமல் போனால் குற்றமில்லை, தள்ளிப்போட்டு இன்னொரு தேதி எழுதுங்கள். அதுவும் முடியாவிட்டால் அடுத்தது. அவர் போய்க் காத்திருப்பதற்கு நாட்காட்டியில் ஒரு நாள் இருக்க வேண்டும், அண்ணே, அவ்வளவுதான். நான் உங்களிடம் எழுதினேன் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

உங்கள் பிள்ளைகள் நீண்ட ஆயுளோடு வாழட்டும். உங்கள் பதில் வந்து சேரும்வரை நான் பார்த்துக்கொள்கிறேன்.

உங்கள் தங்கை,
குணவதி