நான்காவது பாட்டில் விட்டுப்போன பெயர்

அன்பு மகளே,

உன் முதல் ஆல்பம் வந்து சேர்ந்தது. உன் பாஞ்சோவின் தந்தி கணீரென்று விழுந்திருக்கிறது. நான்காவது பாட்டு ஓடும்போது உன் அம்மா அடுப்பில் பீன்ஸைக் கருகவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் வாசலில் பக்கத்து வீட்டு ஓர்ஃபா என்னைப் பிடித்துக்கொண்டாள். "என்னய்யா, உன் பொண்ணு பாட்டுல தம்பி சுரங்கத்துல பாறை விழுந்து செத்துட்டானாமே! உன் புள்ள வெர்லின் ஒரு நாளாவது உள்ள இறங்கினவனா?" சுற்றி நின்றவர்கள் தரையைப் பார்த்தார்கள்.

அம்மாவிடம் சொன்னேன். "அப்பனை விட்டுக்கொடுக்காம பாடியிருக்கா. பேசாம சாப்பிடு" என்றாள்.

தட்டைத் தள்ளிவைத்துவிட்டு இதை எழுதுகிறேன். சுரங்கத்தில் முதுகு உடைந்தவன் நான். வலி மாத்திரை எழுதிக் கொடுத்தது எனக்கு. மரம் வெட்டப் போய்த் தோளில் அடிபட்டு வந்த உன் தம்பியிடம், "ரெண்டு போட்டுக்கடா, ஆம்பளப் புள்ள அழுவானா?" என்று டப்பாவை நீட்டியதும் நான்தான். அதன் பிறகு டப்பா சீக்கிரம் சீக்கிரம் காலியானது. எனக்குத் தெரியும். பூட்டி வைக்கவில்லை. அந்த மாத்திரைதான் கடைசியில் அவனைக் கொண்டுபோனது.

நம் மலையில் எத்தனை கொலைப் பாட்டு பாடியிருக்கிறோம்! காதலியை ஆற்றில் தள்ளியவனானாலும், அண்ணனைச் சுட்டவனானாலும், கொன்றவன் பெயரைச் சொல்லாமல் ஒரு பாட்டாவது முடிந்திருக்கிறதா?

அடுத்த மேடையில் அந்த நான்காவது பாட்டைத் திருத்திப் பாடு. கடைசி அடியில் என் பெயர் சரியாக உட்காருகிறது. பாடிப் பார்த்துவிட்டேன்.

உன் அப்பா