இறுக்கிக் கட்டிய துணி

அன்பு மகள் விதுர்ஷாவுக்கு, மாங்கேணியிலிருந்து அப்பா சொல்ல அக்கா கஜானி எழுதுவது. நாங்கள் நேரத்துக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்கிறோம், அந்தக் குளிருக்குள் நீயும் சுகமாக இருக்க வேண்டும். சூறாவளி வந்து இந்தக் கரையில் ஒரு தென்னைக்கும் தலை இல்லாமல் போன வருசம், கோயில் மணி கடற்கரை மணலில் கிடந்த வருசம், அக்கா அம்மாவின் வயிற்றில் ஐந்து மாதம், அந்த வருசத்து விசயம் ஒன்றை உனக்கு இவ்வளவு நாளும் சொல்லவில்லை.

போன கிழமை நீ போனில், காயத்துக்குக் கட்டும் துணிக்குள் நாங்கள் மாற்றி வளர்த்த கிருமிகளை உயிரோடு வைக்கிறோம், கெட்ட கிருமி வந்தால் அவை கண்டுபிடித்துத் துணியை நீலமாக்கும், மருந்தையும் கசியவிடும் என்று சொல்லி, அப்பா உங்களுக்கு ஒரு காயம் வந்து அதில கட்டச் சொன்னா ஓம் எண்டுவீங்களா என்று கேட்டாய். கிருமிய வளத்துப் புண்ணில விடவா உன்னப் படிப்பிச்சன் என்று ஏசிப்போட்டுப் போனை வைத்துவிட்டேன். சோதனையில் துணி இரண்டு தரம் நிறம் மாறாமல் போனதையும், அப்பாவே வேண்டாமென்றால் வேறு யார் கட்டுவார் என்று நீ அந்த வேலையை விடப் பார்ப்பதையும் அக்கா பிறகுதான் சொன்னாள்.

அந்தச் சூறாவளியில் தகரம் பறந்து வந்து உன் பெரியப்பா தங்கராசாவின் கெண்டைக்காலையும் என் கையையும் வெட்டியது. ஏறாவூர் வரைக்கும் ரோட்டில் மரம் விழுந்து கிடந்தது, ஆஸ்பத்திரிக்கு வழியில்லை. அம்மாவும் பெரியம்மா அன்னப்பூரணியும் சேலையைக் கிழித்துத் தந்தார்கள், கோப்பித் தூள் வைத்து அவர் எனக்குக் கட்டினார், நான் அவருக்குக் கட்டினேன். என்ட முடிச்சப் பாத்தா மீனும் சிரிக்கும் என்று அவரே சொல்லுவார். என் முடிச்சு அவிழாது. காற்றுப் பட்டால் புண் கெடும், ஏழு நாளைக்குக் கட்டு அவிழ்க்கக் கூடாது என்பது எங்கள் ஆட்களின் வழக்கம். மரம் அரியப் போன இடத்தில் என் கையில் அவர் கட்டிய கட்டு இரண்டாம் நாளே கழன்று விழுந்தது, உள்ளே சீழ், சுடுதண்ணீரில் கழுவினேன், கை பிறகு ஆறிவிட்டது. காற்றுப் பட்டுத்தான் சீழ் பிடித்தது என்று நினைத்தேன் மகள். மூன்றாம் நாள் அவர், தம்பி உள்ளுக்க விறுவிறுக்குது, ஒருக்கா அவிட்டுப் பாரன் என்றார். பொறு அண்ணே, நல்லா இறுக்கித்தான் கட்டியிருக்கன் என்றேன். ஏழாம் நாள் அவிழ்த்தபோது கால் கறுத்திருந்தது. மட்டக்களப்புக்குத் தூக்கிக்கொண்டு போனோம், அங்கே போன இரண்டாம் நாள் கண்ணை மூடிவிட்டார்.

அந்தச் சேலைத் துணி நீலமாகியிருந்தால் நான் அவிழ்த்திருப்பேன். எனக்கு எழுத்துத் தெரியாது, நிறம் தெரியும், ஆனபடியால் உன் துணியில் எழுத்து ஒன்றும் வைக்காதே. கிருமி வெளியே வராமல் மருந்து மட்டும் வர வலைக்கண் மாதிரி வைத்திருப்பதாகச் சொன்னாய், அந்தக் கண்ணைத் திரும்பத் திரும்பப் பார். என் காலில் கெழுத்தி மீன் முள் குத்திய புண் ஆறவில்லை, இரத்தத்தில் சீனி கூடிய வருத்தம், நான் சொல்லாவிட்டாலும் அக்கா எழுதிவிடுவாள். தினமும் அவிழ்த்துப் பார்க்கிறேன், பயப்படாதே. மனிதருக்குக் கட்டிப் பார்க்க இன்னும் நாளாகுமாம், நான் பொறுப்பேன், என் பெயரை எழுதி வை.

மாமாங்கேஸ்வரர் உன் கையோடு இருப்பார். ஈரத் தலையோடு வெளியே போகாதே. அன்றைக்கு அந்த வீட்டில் இருந்தவர்களில் அண்ணன் போனார், பெரியம்மா போனா, அம்மாவும் போனா. நானும் இருந்தன்தானே அப்பா என்று அக்கா பேனையை வைத்துவிட்டுச் சண்டைக்கு வருகிறாள், வயிற்றுக்குள் இருந்ததைச் சேர்க்கேலாது என்று சொல்லிவிட்டேன். அந்த முடிச்சைக் கண்டவர்களில் மிச்சமாய் இருந்து, உனக்கு ஓம் என்று கைநாட்டு வைப்பது,

உன் அப்பா
விநாயகமூர்த்தி