அலரியின் கடைசிப் பக்கம்

அச்சு மை இன்னும் காயவில்லை; விரலில் ஒட்டுகிறது. உம்முடைய கல்வெட்டு இது. நீர் போன முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்கு வருகிறவர்களின் கையில் கொடுக்கப்போகும் நினைவுப் புத்தகம். உள்ளே தேவாரங்கள், புலம்பல் வெண்பாக்கள், பிறகு ‘அடக்கமே உருவானவள்’ என்று ஒரு வரி. நீரா? வகுப்பில் என்னோடு நீர் பிடிக்காத சண்டையா? எழுதியவர் உம்மை ஒருநாளும் கண்டிருக்கமாட்டார்.

உம்முடைய நாவல்தான் இதில் வந்திருக்கவேண்டும். தீவின் கிணறுகளில் இருந்த நல்ல தண்ணீரையெல்லாம் கடலரசன் களவெடுத்துப் போகிறான். அலரி என்ற பெண் நெடுந்தீவுக் காட்டுக்குதிரை ஒன்றைப் பிடித்து, கடலடிக்குப் போய் அந்தத் தண்ணீரை மீட்டு வருகிறாள். ஊர்காவற்றுறைத் துறைமுகத்தில் காரைநகர் வள்ளத்துக்குக் காத்திருந்தபோது வாசிக்கத் தந்தீர்.

“குதிரை தண்ணிக்குள்ள எப்பிடி மூச்சு விடும்?” என்றேன்.

“உமக்கு மெசின் மட்டும்தான் விளங்கும். பேசாமல் வாசியும்.”

வாசித்தேன். “கடலரசன்ர மகன் பொம்பிளை கேக்கிறான். ஏன் ஓமெண்டு சொல்லேல்லை?”

“அவள் தண்ணி கேட்டுப் போனவள். மாப்பிள்ளை கேட்டுப் போகேல்லை.”

எழுதி முடித்தவுடன் அச்சுக்குக் கொடும் என்று எத்தனை தரம் சொன்னேன்? இன்னொருக்கால் திருத்தவேணும், இன்னொருக்கால் திருத்தவேணும் என்றே இருந்தீர். பிறகு ஒரு காய்ச்சல். ஆள் இல்லை. இந்தக் கோபத்தை நான் யாரிடம் காட்டுவது?

கல்வெட்டில் கதையைப் போடுவோம் என்று முதலில் சொன்னவரே உம்முடைய அண்ணைதான். கடைசிப் பக்கத்தை வாசித்ததும் அவருடைய முகம் மாறிவிட்டது.

“தம்பி, கலியாணம் காணாமல் போன பிள்ளை. கதையிலயும் மாப்பிள்ளையை வேண்டாமெண்டால் சனம் என்ன கதைக்கும்? கடைசியில தாலியைக் கட்டிவிடுவம்.”

“அண்ணை, அது அவவின்ர கதை.”

“அவ என்ர தங்கச்சி.”

 கதையை மாற்றினால் இந்த மெசினை நான் ஓட்டமாட்டேன் என்றேன். அச்சகத்தில் அதைத் திருத்துகிறவனும் ஓட்டுகிறவனும் நான்தான். அவர் கதையையே எடுத்துவிட்டார். தாள்களை என் கையில் திணித்து, “நீரே வைச்சிரும்” என்றார். அழுதிருந்தார்.

தாலியோடு வந்திருந்தாலாவது நாலுபேர் வாசித்திருப்பார்களோ என்று இப்போது மண்டை குடைகிறது. நீர் இருந்தால் இதற்கும் ஏசியிருப்பீர்.

மத்தியானத்தில் அச்சகம் ஓய்ந்திருக்கும்போது உம்முடைய கதைக்கு நானே எழுத்துக் கோர்க்கிறேன். ஈய எழுத்துகள் தலைகீழாகத் தெரிகின்றன; ஒரு வரிக்கே பொறுமை போய்விடுகிறது. ஒரு பக்கத்துக்கு மேல் கோர்த்து வைக்க இங்கே எழுத்தும் இல்லை. ஒரு பக்கம் அச்சடித்து, கலைத்து, அதே எழுத்தில்தான் அடுத்தது.

முதலாளி எட்டிப் பார்த்தார். “விசரே, முதல் பக்கத்தில இருந்தெல்லோ தொடங்கிறது?”

நான் கடைசிப் பக்கத்தில் இருந்து தொடங்கினேன். அது இன்று அச்சாகிவிட்டது. மற்றப் பக்கங்களுக்குக் கடதாசி எங்கிருந்து வரும் என்று தெரியாது. ஆனால் இனி அலரிக்கு யாரும் மாப்பிள்ளை பார்க்க ஏலாது.