செய்தி மதிப்பு இல்லாத சிறுநீரகம்

மார்ச் 3, செவ்வாய்

உறுதியான தகவல்: இடது சிறுநீரகத்தில் ஒரு கட்டி, குறுக்களவு 4.1 சென்டிமீட்டர். ஆதாரம்: ஸ்கேன் அறிக்கை, இரண்டாம் பக்கம், கீழிருந்து மூன்றாவது வரி.

முதுகுவலிக்காக எடுத்த ஸ்கேன். முதுகில் ஒன்றும் இல்லை என்று முதல் பக்கம் முழுக்க எழுதிவிட்டு, முக்கியமானதைக் கடைசியில் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள். எங்கள் அலுவலகத்தில் இப்படி எழுதிக் கொடுத்தால் தாள் திரும்பி வரும்.

அதற்கு அடுத்த வரி: இரண்டு சிறுநீரகங்களும் கீழ்ப்பக்கம் ஒட்டிக்கொண்டு, குதிரை லாடம் போல ஒன்றாக இருக்கின்றனவாம். பிறவியிலேயே.

மனைவியிடம் சொல்லவில்லை. ஒரே ஓர் ஆதாரத்தை வைத்து முப்பத்தொரு வருடத்தில் நான் செய்தி கொடுத்ததில்லை.

மார்ச் 4, புதன்

சொல்லவில்லை.

மார்ச் 6, வெள்ளி

இரண்டாவது ஆதாரம்: அறுவை மருத்துவர். நான் வேலைக்குச் சேர்ந்தபோது பள்ளிக்கூடம்கூடப் போயிருக்க மாட்டார்.

"கட்டி இருக்கு சார். பெரும்பாலும் கேன்சராத்தான் இருக்கும். எடுத்துப் பரிசோதிச்சாத்தான் உறுதி."

"பெரும்பாலும்னா எத்தனை சதவீதம்?"

"நீங்க நிருபரா சார்?"

"எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"யாரோ மூணாவது மனுஷனுக்கு வந்த மாதிரி கேக்கறீங்க. குறிப்பு வேற எடுக்கறீங்க."

திரையில் லாடத்தைக் காட்டினார். இரண்டையும் இணைக்கும் சதையை 'பாலம்' என்றார். இப்படி இருப்பது முன்பே தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்றேன். அதையும் பதிவில் ஏற்றிக்கொண்டார்.

மார்ச் 7, சனி

சொல்ல வாயெடுத்தேன்.

"நாலு புள்ளி ஒண்ணு. அதானே?" என்றாள். "நோட்டை மேசை மேல விட்டுட்டுக் குளிக்கப் போனா படிக்காம என்ன பண்ணுவாங்க? உங்க கிறுக்கல் புரியற ஒரே ஆள் நான்தான்."

வாஸ்தவம். எங்கள் பத்திரிகையில் இருபத்தாறு வருடம் பிழை திருத்தியவள். அதில் பாதி என் பிழை.

பிறகு சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்தாள். வெகுநேரம் தண்ணீர் ஓடியது. ஒரு பாத்திரச் சத்தமும் வரவில்லை.

மார்ச் 10, செவ்வாய்

பரணில் இருக்கும் என் பழைய தாள் கட்டுகளை அவளாகவே இறக்கியிருக்கிறாள். ஒவ்வொரு கட்டிலும் என் கையெழுத்தில் துண்டுச்சீட்டு: தேர்தல், வெள்ளம், நீதிமன்றம். 'மற்றவை' என்ற கட்டில் இருந்தது அது. பத்தொன்பது வருடத்துக்கு முன், சிறுநீரகக் கல்லுக்கு எடுத்த ஸ்கேன். லாட வடிவம் என்று தெளிவாக எழுதியிருக்கிறது. வருடம் ஒருமுறை ஸ்கேன் பார்க்கவும் என்றும். ஓரத்தில் நான் எழுதியது: 'பிறவி விநோதம். செய்தி மதிப்பு இல்லை.'

ஒருமுறைகூடப் போகவில்லை. சுத்தமாக மறந்திருக்கிறேன்.

அலுவலகத்தில் தொடர்செய்திப் பேரேட்டை ஆரம்பித்தவனே நான்தான். திறப்பதாகச் சொன்ன பாலம், வெளிவராத விசாரணை அறிக்கை எல்லாம் அதில் ஏறும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை போன் போட்டு 'என்ன ஆச்சு?' என்று கேட்க வேண்டும்.

"ஊர்ல உள்ள பாலத்துக்கெல்லாம் போன் போட்டு நலம் விசாரிச்சீங்க. உங்க வயித்துக்குள்ளயே ஒரு பாலம். அதை விட்டுட்டீங்களே, மகாராசா!"

சிரித்துவிட்டேன்.

"சிரிக்காதீங்க. எனக்குப் பயமா இருக்கு."

மார்ச் 11, புதன்

"ஒரு திருத்தம், டாக்டர்" என்று பழைய அறிக்கையை நீட்டினேன். நிதானமாகப் படித்தார்.

"இந்த அமைப்பாலதான் கட்டி வந்துச்சுன்னு சொல்ல முடியாது சார். ஆனா வருஷா வருஷம் பாத்திருந்தா, சின்னதா இருக்கறப்பவே தெரிஞ்சிருக்கும்."

எழுதிக்கொண்டேன். பேனா கொஞ்சம் நின்று நின்று எழுதியது.

நான் தயாரித்த கேள்விகள் இருபத்திரண்டு. மனைவி வெட்டியபின் நான்கு. கடைசிக் கேள்வியை அவளே கேட்டாள்: "இவருக்கு எவ்வளவு மிஞ்சும்?"

"கட்டியை மட்டும் எடுக்கத்தான் பாப்பேன்மா. ஆனா இவருக்கு ரத்தக்குழாய் எல்லாம் வழக்கமான இடத்துல வரல. ரத்தம் நிக்கலேன்னா இடது பக்கம் முழுசும் போகும். மிச்சம் இருக்கறது போதுமா, டயாலிசிஸ் வேணுமா — அப்புறம்தான் தெரியும்."

வெளியே வந்ததும், "நாலே கேள்வியில எல்லாம் கிடைச்சுது பாத்தீங்களா?" என்றாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். கண்ணாடியில் அழுக்கு ஒன்றும் இல்லை.

மார்ச் 25, புதன்

ஆஸ்பத்திரி, மூன்றாம் மாடி. நாளை காலை ஏழரை.

பயமா? — ஆமா, பயமாத்தான் இருக்கு. முப்பத்தொரு வருஷமா அடுத்தவன் கட்டிலுக்குப் பக்கத்துல நின்னு 'எப்படி உணர்றீங்க'ன்னு கேட்டிருக்கேனே. அது என்ன கேள்வி? எவனாவது இப்ப வந்து கேக்கட்டும்.

இந்த வரியை யாரும் வெட்ட வேண்டாம்.

மார்ச் 28, சனி

உயிரோடு இருக்கிறேன். ஆதாரம்: பக்கத்தில் உட்கார்ந்து, எழுதாதீங்க என்று திட்டுகிறவள்.

ஏப்ரல் 6, திங்கள்

உறுதியானது: புற்றுநோய்தான். சிறுநீரகத்தைத் தாண்டவில்லை. வெட்டிய ஓரம் சுத்தம். கட்டியோடு ஒரு துண்டு போனது. மீதி இரண்டு பக்கமும் வேலை செய்கின்றன, டயாலிசிஸ் வேண்டாம். ஆதாரங்கள்: பரிசோதனைக்கூட அறிக்கை, ரத்தப் பரிசோதனை, அறுவை மருத்துவர். மூன்றும் ஒத்துப்போகின்றன.

"இப்ப திருப்தியா சார்?" என்று கேட்டார் மருத்துவர். நான்காவது ஆதாரம் கிடைக்குமா என்றேன். மனைவி என் காலை மிதித்தாள்.

மாலையில் செய்தி ஆசிரியர் வீட்டுக்கு வந்தார். கையில் தொடர்செய்திப் பேரேடு. "தங்கச்சி போன் பண்ணிக் கொண்டுவரச் சொல்லுச்சு. எதுக்குன்னு கேட்டேன், சொல்லல" என்றார்.

மனைவி பேரேட்டை வாங்கி, பாலத்துக்கும் விசாரணை அறிக்கைக்கும் கீழே புது வரி போட்டாள். பொருள்: லாடம். 'பொறுப்பு' என்ற கட்டம் வந்ததும் நான் பேனாவுக்குக் கை நீட்டினேன். தரவில்லை. தன் பெயரை எழுதினாள்.

நிலுவையில்: மறு ஸ்கேன். எதிர்பார்க்கும் நாள்: செப்டம்பர் 28, திங்கள், காலை பத்து மணி.