மருந்துத் தொட்டி

ஐப்பசி, செவ்வாய் இரவு

இல்லை, அம்மா மேல் கோபம் வரவில்லை. எதுவுமே வரவில்லை.

அம்மா கோழிப்பண்ணையிலிருந்து வந்து ரப்பர் பூட்ஸைக் கழற்றினாள். கால்விரல் இடுக்குகள் வெளுத்து வெடித்திருந்தன. சேற்றுப்புண். டாக்டர் கொடுத்த களிம்பை, அரிப்பு நின்றதும் நிறுத்திவிட்டாள். புண் திரும்ப வந்ததை என்னிடம் சொல்லவில்லை. கோழிகளுக்கு நோய் பரவாமலிருக்கப் பண்ணை வாசலில் பூட்ஸை நனைக்கும் மருந்துத் தொட்டியில், தினமும் வெறுங்காலை வைத்து எடுத்திருக்கிறாள்.

“கோழிக்கே சீக்கு அண்டாம காக்குது சாமி. என்ற காலுக்கு ஆவாதா?”

“உனக்குச் சக்கரை இருக்குதும்மா. புண்ணு சீக்கிரம் ஆறாது.”

“படிச்ச புள்ள, கோழிக்குச் சக்கரை இருக்குதான்னு பாத்துச் சொல்லு,” என்று சிரித்தாள்.

பெரிய வெடிப்பில் விரலை வைத்து அழுத்தினேன். வலிக்கிறதா என்று கேட்டேன்.

“எங்க தொட்ட?” என்றாள்.

சர்க்கரை முற்றினால் காலில் உணர்ச்சி குறையும் என்று களிம்பு கொடுத்த அன்றே டாக்டர் சொல்லியிருந்தார். அம்மா இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

இடுக்குகளைக் காய்ந்த துணியால் ஒற்றிக் களிம்பு தடவினேன். அவள் நாளை வேலைக்கு வரமாட்டாள், ஆஸ்பத்திரிக்குப் போகிறோம் என்று பண்ணை மேனேஜருக்குச் செய்தி அனுப்பினேன். ஈர பூட்ஸை வாசலில் கவிழ்த்து வைத்தேன்.