ரிசப்ஷன் அன்று பௌர்ணமி

வியாழன், இரவு.

மத்தியானம் வேலூரிலிருந்து மாப்பிள்ளையின் அப்பா போன் செய்தார். "சம்பந்தியம்மா, ரிசப்ஷன் அன்னிக்கு பௌர்ணமியாமே. எங்க பஸ்ஸை ஊருக்குள்ள விடுவாங்களா?" காலண்டரைப் புரட்டினேன், அவர் சொன்னது சரிதான்.

இந்த ஊரில் வீடு மாற்றுவதென்றாலும் முதலில் பௌர்ணமி பார்ப்போம். நானும் பார்த்தேன். முகூர்த்த நாளுக்கு மட்டும் பார்த்தேன். ரிசப்ஷன் முந்தின நாள் சாயந்திரம் என்பது புத்தியில் உறைக்கவே இல்லை. மண்டபமோ கிரிவலப் பாதையிலேயே இருக்கிறது. அன்றைக்கு மலை சுற்றுகிற கூட்டத்தில் அந்தப் பக்கம் ஒரு வண்டியும் போகாது. பந்தி, பூ, மேளம் என்று நோட்டு நிறைய எழுதி டிக் போட்டவள் நான்தான். பத்திரிகை கொடுத்து முடித்தாயிற்று. வேறு மண்டபமும் காலியில்லை.

"விடு, பார்த்துக்கலாம்" என்கிறார் இவர். எதைப் பார்ப்பது?

சாப்பிடும்போது மகளிடம் சொன்னேன். அவள் கோபப்படவில்லை. "அப்போ நான் மண்டபத்துக்கு எப்படிம்மா வருவேன்?" என்று மட்டும் கேட்டாள்.

நடந்துதான். பட்டுப்புடவையும் நகையுமாக, மலை சுற்ற வரும் அத்தனை கூட்டத்துக்கும் நடுவில்.

தட்டை எடுத்துக்கொண்டு கழுவப் போய்விட்டேன்.