திங்கட்கிழமையே போட்ட கையெழுத்து

அன்பு மகளுக்கு, அப்பா சொல்லச் சொல்ல உன் அண்ணி பக்கத்தில் உட்கார்ந்து எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டுதான் தினமும் சாப்பிட உட்காருகிறேன். இங்கே எல்லோரும் நலம், என் இடது முழங்காலைத் தவிர. அது தனிக்குடித்தனம் போன மாதிரி என் பேச்சைக் கேட்பதே இல்லை. உன் அண்ணனுக்கு வேலை நேரத்தை மாற்றிவிட்டார்கள், விடியுமுன் கிளம்புகிறான். அம்மா புதுக் கண்ணாடி போட்டதிலிருந்து வீட்டில் இல்லாத தூசியையெல்லாம் கண்டுபிடிக்கிறாள்.

உன் டிப்போவில் நடந்ததை மாப்பிள்ளை போனில் சொன்னார். தினமும் ஒவ்வொரு பஸ்ஸின் பிரேக்கையும் பார்த்த பிறகு போட வேண்டிய கையெழுத்தை மெக்கானிக்குகள் வாரம் முழுவதற்கும் திங்கட்கிழமையே போட்டுவைத்திருக்கிறார்கள், அதன் கீழே மேலாளர் என்று நீயும் பார்க்காமல் போட்டிருக்கிறாய். ஒரு பஸ் இறக்கத்தில் நிற்காமல் சுவரில் மோதியது, நல்லவேளை பயணிகள் யாரும் ஏறியிருக்கவில்லை, டிரைவரும் சிராய்ப்போடு தப்பினார். யாரும் கேட்பதற்கு முன்பே நீ அத்தனை பஸ்ஸையும் ஒரு நாள் முழுக்க நிறுத்தி, எல்லோரையும் கூட்டிவைத்து, "இதுல என் கையெழுத்தும் இருக்கு, நானும் பாக்காமத்தான் போட்டேன்" என்றாயாம். வேலைக்குப் போக முடியாத ஜனங்கள் வாசலில் நின்று திட்டியதையும் கேட்டுக்கொண்டு நின்றாயாம். வருகிற வியாழக்கிழமை மேலிடத்தில் விசாரணை, நாற்காலி போனாலும் போகும் என்றார். அம்மா, "இவளுக்கு வாயை மூடிக்கிட்டு இருக்கத் தெரியாது, அப்படியே அப்பன் மாதிரி" என்று புலம்பினாள். எனக்குச் சுருக்கென்றது. நீ என் மாதிரி இல்லையம்மா.

கிடங்கில் நான் சுமை இறக்கும் ஆட்களுக்குத் தலைவனாக இருந்தபோது, பாரம் தூக்கும் கயிறுகளைப் பார்த்துவிட்டேன் என்று தினமும் ஒரு தாளில் கைநாட்டு வைக்க வேண்டும். மழை பெய்த ஒரு காலையில் பார்க்காமலே வைத்தேன். மத்தியானம் கயிறு அறுந்து, எங்கள் கூட்டத்தில் நெட்டையன் என்று ஒருவன், அவன் வலது கையில் மூன்று விரல் போயிற்று. விசாரிக்க வந்தவர்களிடம், "எழுதப் படிக்கத் தெரியாதவன் ஐயா, வைக்கச் சொன்னாங்க, வெச்சேன்" என்று அப்பாவி மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன். தினமும் படித்துக் காட்டிய தாள்தான், அதில் இருந்தது வரிக்கு வரி எனக்குத் தெரியும். நெட்டையன் கயிற்றைத் தப்பாகக் கட்டினான் என்று எழுதி முடித்தார்கள், நான் பார்த்துக்கொண்டு நின்றேன். முப்பத்தோரு வருடமாகிறது, அன்றைக்கு அவன் போட்டிருந்த சட்டையில் எத்தனாவது பொத்தான் இல்லை என்பது வரை நினைவிருக்கிறது. இந்த இடத்தில் உன் அண்ணி பேனாவை நிறுத்தி, "மாமா, இதையும் எழுதணுமா" என்றாள். எழுது என்றேன்.

எனக்கு ஒளிந்துகொள்ளப் படிக்காதவன் என்கிற பெயர் இருந்தது. உனக்கு ஒளிந்துகொள்ள முப்பது மெக்கானிக்குகள் இருந்தார்கள், ஒருவர் முதுகுக்குப் பின்னாலும் நீ போகவில்லை. அதைக் கேட்ட சந்தோஷத்தில் கடைக்குப் போய், எதற்கு வந்தோம் என்பதையே மறந்து வெறுங்கையோடு திரும்பினேன். ஒன்று மட்டும் சொல்கிறேன், வியாழக்கிழமை உன் பங்கைச் சொல், அதோடு நிறுத்து. பெரிய மனசு என்று மற்றவர்கள் பங்கையும் தலையில் தூக்கி வைத்துக்கொள்ளாதே, அப்புறம் அவர்கள் மறுபடியும் திங்கட்கிழமையே போடுவார்கள்.

நெட்டையன் இருக்கும் இடத்தை விசாரித்துவிட்டேன், இரண்டு பஸ் மாற வேண்டுமாம். வியாழக்கிழமை காலை நீ அந்த அறைக்குள் போகிற நேரத்தில் நான் அவன் வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருப்பேன். நாற்காலி இருந்தாலும் போனாலும் நீ நன்றாக இருப்பாய். வெறும் வயிற்றோடு மட்டும் போகாதே.

இப்படிக்கு,
உன் அப்பா